வாடகைச் சீட்டு

‘பிளாஷ் - 1’ என்றுதான் எழுதியிருந்தேன்.
அதில் தொடங்கியது வம்பு.

மாதேஸ்வரி எடுத்துப் போனது
கேமரா தலையில் மாட்டும் சின்னது.
திருப்பித் தந்ததும் அதுவே.
முதலாளி நோட்டைப் புரட்டி
ஸ்டாண்டில் நிற்குமே முந்நூறு வாட் பெரியது,
அது எங்கே என்றார்.
அதுவும் பிளாஷ். இதுவும் பிளாஷ்.
கையெழுத்து என்னுடையது.

மூன்றாம் நாள்
சிவதாபுரம் கொலுசுப் பட்டறையிலிருந்து
வெள்ளித்தூள் பூசிக்கொண்டு வந்தது பெரியது.
‘லைட்டு’ என்ற பெயரில் போயிருந்தது.

முன்பணத்தை இரண்டு தரம் எண்ணி
மாதேஸ்வரி சொன்னாள்:
“மகேஸ்வரின்னு கூப்பிட்டா நான் திரும்புவேனாக்கா?”

அந்த ஞாயிறு செவ்வாய்ப்பேட்டைக் கடையில்
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பினேன்.

ஸ்பீட்லைட். கழுத்தைத் திருப்பும்,
கூரையைப் பார்த்துப் பேசும். நாலு பென்சில் செல் தீனி.
மோனோ. சுவரில் செருகாவிட்டால் பிணம்.
ரிங். லென்ஸைச் சுற்றி உட்காரும்;
கேட்டு வருவது கொலுசுக்காரர்களும்
ஒரே ஒரு பல் டாக்டரும்.
குடை, வெள்ளை: வெளிச்சத்தை உள்ளே விட்டு அனுப்பும்.
குடை, கறுப்பு: வந்த வழியே திருப்பும்.
(‘மழைக்கு எதுங்க நல்லது?’ என்று கேட்ட
ஆத்தூர் மாப்பிள்ளைக்கு இரண்டும் இல்லை என்றேன்.)
தேன்கூடு. ஸ்னூட்.
ஸ்னூட்டுக்கு மூக்கு என்றே எழுதினேன்,
பையன்கள் அப்படித்தான் கேட்கிறார்கள்.

தங்கையின் அகராதி
எல்லாவற்றுக்கும் சேர்த்து மின்வெட்டொளி என்றது.
எழுதிப் பார்த்தேன்: மின்வெட்டொளி - 1, ரூ. 300.
மின்னல் வெட்டினால் வெளிச்சம்.
மின்வெட்டு என்றால் எங்கள் தெருவே இருட்டு.
ஒரே வெட்டு, இரண்டு வேலை.
அடித்துவிட்டேன்.

கடைசியில் ஒன்று மிஞ்சியது.
தானாக எதையும் செய்யாது.
எதிரே இன்னொன்று மின்னினால்
அதைக் கண்ணால் பார்த்துத் தானும் மின்னும்.
பெட்டியில் ஸ்லேவ் என்று அச்சு.
‘அடிமை ரெண்டு குடுங்கக்கா’ என்பார்கள்,
நானும் எழுதியிருக்கிறேன்
அடிமை - 2, நாள் வாடகை நூற்றைம்பது,
கார்பன் காப்பியோடு.
புதுப் பெட்டிகளில் கம்பெனிக்காரன்
ரிசீவர் என்று மாற்றிவிட்டான்.
அதைத் தூக்கி நிற்கும் சீரங்கனைக்
கல்யாண வீடுகளில் இன்னும்
‘ஏய் லைட்டு’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.
அவனும் திரும்புகிறான்.

பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டு
ஷட்டரை முழுக்க இறக்கினேன்.

வியாழக்கிழமை ஏற்காடு.
பகோடா பாயிண்டில் நாமக்கல் ஜோடி ஒன்று.
பனி இறங்கி, பிளாஷ் அடித்த படமெல்லாம் பால்.
மழை தூற, ஜோடி காருக்குள்.
கேமரா பைக்குள், டிரிகர் மாதேஸ்வரி பாக்கெட்டில்.
ஸ்டாண்டை மடக்கப் போன சீரங்கன் மட்டும் வெளியே.

சேர்வராயன் பக்கம் ஒரு மின்னல்.
கூடவே இதுவும் மின்னியது.
யாரும் அமுக்கவில்லை.
மறுபடி வானம்.
மறுபடி இது.

“லைட்டை விட்டுட்டு வாடா!”
மாதேஸ்வரி கத்தியது கண்ணாடிக்குள்ளேயே நின்றுவிட்டது.
அவன் அசையவில்லை.
பனிமேல் தன் நிழல்
பனைமர உயரத்துக்கு விழுந்து விழுந்து அணைவதைப்
பார்த்துக்கொண்டு நின்றானாம்.

இரவு ஒன்பதுக்குக் கடைக்கு வந்தார்கள்.
பெட்டிக்குள் தண்ணீர். அபராதச் சீட்டு போடு என்றார் முதலாளி.
பொருள் என்ற கட்டத்தில்
‘அடி’ வரை எழுதிவிட்டேன்.
சொட்டச் சொட்ட எதிரே நின்றான் சீரங்கன்.
அந்தச் சீட்டைக் கிழித்து
புதுச் சீட்டில் எழுதினேன்: பதில் விளக்கு - 1.

முதலாளி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.
“பதில் விளக்கா? எதுக்குப் பதிலா குடுத்தே?
ஒரிஜினல் எங்கே?”

மறுபடி வம்பு.

சீரங்கன் என் துண்டில் தலையைத் துவட்டியபடி
எனக்கு மட்டும் கேட்கிறாற்போல்
“பதினோரு தரம்க்கா” என்றான்.